படியில் நின்று இறக்கிய பாட்டுகள்

நாங்கள் வேலை செய்யும் சலவைக்கூடம் ஓட்டலின் அடித்தளத்தில் இருக்கிறது. அறைகளில் தங்குகிறவர்களுக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. பின்பக்கம் சரக்கு இறக்கும் முற்றத்தில் ஒரு கனத்த இரும்புக் கதவு. அதைத் திறந்தால் படிக்கட்டு. பாதியில் ஒரு திருப்பம் திரும்பிக் கீழே போகும். திருப்பம் வரைக்கும் ஃபோனில் சிக்னல் இருக்கும். அதைத் தாண்டி ஒரு படி இறங்கினாலும் போய்விடும். பேசிக்கொண்டிருக்கிறவரின் குரல் பாதிச் சொல்லில் அறுந்துபோகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மெஷினைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுப்போம். பேச வேண்டியதை மேலேயே பேசி முடித்துவிட்டு வா.

அந்தத் திருப்பத்தில் காலை நேரத்தில் ரேடியோ அக்கா நிற்பாள். தோளில் பை, சுவரில் சாய்ந்த முதுகு, கண்ணாடி பார்ப்பதுபோல முகத்துக்கு நேரே பிடித்த ஃபோன். நாங்கள் அவளை இடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

"வழிய விடுங்கக்கா. பின்னாடி வரிசையே நிக்குது."

"இருங்கடி, இன்னும் பச்சை ஆகல. இப்ப இறங்கினா பாதிப் பாட்டுதான் வரும். அப்புறம் மத்தியானம் பூரா நீங்க என் குரலைத்தான் கேக்கணும், பரவாயில்லையா?"

பச்சை என்றால் ஆப்பில் வரும் அம்புக்குறி. பாட்டுப் பட்டியல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கீழ்நோக்கிய அம்பை அழுத்தினால், பாட்டுகள் ஒவ்வொன்றாக ஃபோனுக்குள் இறங்கும். எல்லாம் இறங்கி முடிந்ததும் அம்பு பச்சையாகும். அதற்குப் பிறகு சிக்னல் இல்லாத இடத்திலும் கேட்கலாம். கீழே எங்களுக்கு அன்றைக்குப் பாட்டு உண்டா இல்லையா என்பது அந்த அம்பின் நிறத்தில் இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோதே ரேடியோ என்ற பெயர் அவளுக்கு ஒட்டிப்போயிருந்தது. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. கட்டில் விரிப்புகளைத் தேய்க்கும் உருளையில் விடும் வேலையில் அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. ஈர விரிப்பை இரண்டு பேரும் ஒன்றாக உதறி, ஒன்றாகச் சூடான உருளைக்குள் விட வேண்டும். ஒருத்தி முந்தினால் துணி கோணிக்கொள்ளும். அப்படி வருஷக்கணக்கில் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றதில், கேட்காமலே அவளைப் பற்றி எனக்குப் பலதும் தெரிந்துபோனது.

அக்காவும் என்னைப் போலவே பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அதனால் ஆப்பிடம் வாயால் கேட்பாள். ஃபோனுக்குள் யாரோ பெரிய அதிகாரி உட்கார்ந்திருப்பதுபோல மரியாதையாகக் கேட்பாள். "மழைப் பாட்டு குடுங்க." "பயணம் போறப்ப கேக்கற பாட்டு இருக்குங்களா?" அதுவும் கொடுக்கும். முகம் தெரியாத யார் யாரோ ஒவ்வொரு தலைப்புக்கும் பாட்டுகளைக் கோத்து வைத்திருந்தார்கள். மழைக்கு ஒன்று, பிரிவுக்கு ஒன்று, நண்பர்களுக்கு ஒன்று, தனியாக உட்கார்ந்து டீ குடிப்பதற்குக்கூட ஒன்று. ஓட்டல் நிரம்பி வழியும் நாட்களில் வேகமான பாட்டாகப் பார்த்து எடுப்பாள். எங்களில் யாராவது வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால் அன்றைக்குச் சோகப் பாட்டு வராது. அதை அவளிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டோம். எங்கள் முகத்தைப் பார்த்தே மேலே ஒன்றை மாற்றி எடுத்துவிடுவாள்.

ஒரு நாள், "துணி துவைக்கிறப்ப கேக்கற பாட்டு குடுங்க" என்று கேட்டுவிட்டாள். வெள்ளைத் துண்டுகளை அடுக்கி வைத்த படத்தோடு ஒரு பட்டியல் வந்தது. எங்களுக்காகவே செய்ததுபோல இருக்கிறதே என்று பூரித்துப்போய், முழுவதையும் இறக்கிக்கொண்டு வந்தாள். கீழே ஸ்பீக்கரில் போட்டால், குர்ரென்று வாஷிங் மெஷின் ஓடும் சத்தம். அடுத்த பாட்டும் மெஷின் சத்தம். அதற்கடுத்ததும் மெஷின்தான், கொஞ்சம் பெரிய மெஷின்.

டிரையர் பக்கம் நிற்கும் பஞ்சு அண்ணன் வேலையை விட்டுவிட்டு வந்தார். புருவம் வரைக்கும் எந்நேரமும் துணிப் பஞ்சு ஒட்டியிருப்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

"ஏன் ரேடியோ, இதுக்கு எதுக்கு ஃபோனு? காதைத் தொறந்து வச்சா போதாதா?"

"யோவ், உன்னுது வெறும் மெஷினு. இது பாடகர் மெஷினு. எவ்வளவு சுருதியா ஓடுது பாரு."

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் வந்து நின்றார். அவரைக் கடிகாரம் என்போம். மணிக்கட்டைப் பார்க்காமல் அவர் ஒரு வாக்கியம் பேசி நாங்கள் கேட்டதில்லை. மெஷின்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். "எதுலேர்ந்து இந்தச் சத்தம் வருது? ரிப்பேரா?" என்றார். அன்று முழுவதும் விரிப்புகள் உருளைக்குள் கோணலாகத்தான் போயின. சிரித்துச் சிரித்து எங்கள் இருவருக்கும் கை நிற்கவில்லை.

சிரிப்பு அடங்கிய பிறகு, விரிப்பின் மறுமுனையிலிருந்து அக்கா மெதுவாகச் சொன்னாள். "என் பையன் இந்தச் சத்தத்துலதாண்டி தூங்குவான்."

அவளுக்கு ஒரு மகன் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த வேலைக்கு வந்தபோது அவள் கைக்குழந்தைக்காரி. வீட்டுக்காரர் தெருமுனையில் பூட்டும் சாவியும் பழுதுபார்க்கிறவர். வெயிலில் உட்காரும் தொழில். குழந்தையை அங்கே வைக்க முடியாது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அப்போதிருந்த சூப்பர்வைசர் கண்டும் காணாமல் விட்டார். தள்ளுவண்டி ஒன்றில் துண்டுகளை மெத்தையாகப் போட்டு, இரண்டு பெரிய மெஷின்களுக்கு நடுவில் பிள்ளையைக் கிடத்திவிட்டு அவள் வேலை பார்த்தாள். மெஷின் ஓடும்வரை தூங்குவான். நின்றால் விழித்துக்கொண்டு வீரிட்டு அழுவான். துணி தீர்ந்து எல்லாம் நிற்கும் நேரங்களில், பஞ்சு அண்ணன் ஒரு மெஷினை வெறுமனே ஓட விடுவாராம். அப்போது அவர் தலையில் பஞ்சோடு முடியும் இருந்ததாம்.

"அது மட்டும் பத்தாது துரைக்கு," என்றாள் அக்கா. "கூடவே நானும் பாடணும். அதுவும் ஒரே பாட்டு. வேற பாட்டு பாடினா காலால உதைப்பான்."

அது தாலாட்டே இல்லை. ஆற்றங்கரையில் யாரோ ஒருத்தி யாருக்காகவோ காத்திருக்கும் பழைய சினிமாப் பாட்டு. துணி மடிக்கும்போது அவள் அதைத்தான் முணுமுணுப்பாள். ரேடியோ என்ற பெயர் அதனால்தான் வந்தது.

நான் இங்கே சேர்வதற்கு முன்பே அந்தப் பிள்ளை படித்து, வேறு ஊரில் வேலைக்குப் போனான். போகிற வாரம் அம்மாவுக்கு நல்ல ஃபோன் ஒன்று வாங்கிக் கொடுத்து, அதில் பாட்டு ஆப்பைப் போட்டு, தன்னுடைய குடும்பக் கணக்கில் அவளையும் சேர்த்துவிட்டான். படிக்கட்டுத் திருப்பம் வரை கூடவே வந்து பழக்கிக் கொடுத்ததும் அவன்தான். "பச்சை ஆகற வரைக்கும் இங்கயே நில்லும்மா. அவசரப்பட்டுக் கீழ இறங்கிடாத. சிக்னல் போயிடும்."

பிறகு வீட்டுக்காரருக்கு உடம்புக்கு வந்தது. வயிற்றில் கட்டி. மகனுக்குச் சொல்லவே கூடாது என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். "இப்பத்தான் அங்க கால் ஊணியிருக்கான். நான் எழுந்து உக்காந்ததும் நானே சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத." அவள் திறக்கவில்லை. அப்பா எங்கே என்று மகன் கேட்கும்போதெல்லாம், கடையில் இருக்கார், இப்பத்தான் தூங்கினார், பக்கத்துத் தெரு வரைக்கும் போயிருக்கார் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளித்தாள். அவர் எழுந்து உட்காரவே இல்லை. மகன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டானாம். "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

அவள் மறைக்காமல் சொன்னாள்.

"அவர் சொல்லக் கூடாதுன்னாரு, சரி. நீயுமாம்மா?"

அவன் அவளோடு கடைசியாகப் பேசியது அதுதான். அதற்குப் பிறகு அவள் ஃபோன் செய்தால் எடுக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் அவன் செய்யாமல் விட்டிருந்தான். பாட்டுக் கணக்கிலிருந்து அவளை நீக்கவில்லை.

ஆப்பில் குடும்பம் என்று ஒரு பக்கம் உண்டு. அதைத் தட்டினால் இரண்டு வட்டங்கள் வரும். ஒன்றில் அவன் படம், மற்றதில் அவள் படம். அவன் வட்டத்தைத் தட்டினால், அவன் தனக்காகக் கோத்து வைத்திருக்கும் பட்டியல்கள் தெரியும். கை தவறித் தொட்டுத்தான் அக்கா இதைக் கண்டுபிடித்தாள். 'ஓடும்போது' என்று ஒன்று இருந்தது. 'சமைக்கும்போது' என்று ஒன்று. 'யாரோடும் பேசாதபோது' என்று ஒன்று.

"ஓடறானாம்டி," என்று என்னிடம் வந்து சொன்னாள். "இங்க இருந்தப்ப பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டான்."

அன்றிலிருந்து எங்களுக்கான பாட்டுகளை இறக்குவதற்கு முன்னால் அவனுடையவற்றை இறக்கிக்கொள்வாள். அவற்றை எங்களுக்குப் போட மாட்டாள். சாப்பிட்டு முடித்துச் சுவரோரம் உட்காரும்போது தனியாகக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள். சமைக்கும் பட்டியலில் பாட்டுகள் கூடினால், வயிறாரச் சாப்பிடுகிறான் என்று நிம்மதி. ஓடும் பட்டியல் பல நாட்களாக மாறாமல் கிடந்தால், காய்ச்சலாக இருக்குமோ என்று தவிப்பு. யாரோடும் பேசாத பட்டியலில் பாட்டுகள் ஏறிக்கொண்டே போன ஒரு மாதம் அவளும் எங்களோடு சரியாகப் பேசவில்லை.

அப்புறம் ஒரு நாள் 'இரண்டு பேருக்கு' என்று ஒரு பட்டியல் முளைத்தது.

"ஒருத்தி வந்துட்டா," என்றாள் அக்கா. விரிப்பை உதறிய வேகத்தில் என் பக்கத்து முனை கையை விட்டுப் போய்விட்டது.

"கல்யாணமாக்கா?"

"அதையெல்லாம் ஆப் சொல்லுமா? ஆனா நல்ல பொண்ணுதான். பழைய பாட்டா பொறுக்கிப் போட்டிருக்கா. இவனுக்கு ஏது அந்தப் பொறுமை?"

பஞ்சு அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "நீ துப்பறியற வேலைக்குப் போயிருக்கணும் ரேடியோ. பேசாம ஒரு ஃபோனைப் போட்டு நேரா கேளேன்."

"போட்டேன், எடுக்கல. மறுபடியும் போட்டு, 'அட, இவ இன்னும் கணக்குல இருக்காளா'ன்னு அவனுக்கு ஞாபகம் வந்துட்டா? ஒரு தட்டுத் தட்டினா என்னை எடுத்துடலாம். நான் அங்க இருக்கிறதே மறந்துபோயிருக்கும். மறந்தே இருக்கட்டும், விடு."

அவளுக்கு மிச்சமிருந்த மகன் அவ்வளவுதான். ஒரு வட்டத்துக்குள் ஒரு படம், அதைத் தொட்டால் விரியும் சில தலைப்புகள். அதுவும் போய்விடக் கூடாதே என்று, ஒளிந்து நிற்கிற பிள்ளை மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கணக்குக்குள் இருந்தாள்.

மழை விடாமல் பெய்த ஒரு காலையில் அவள் திருப்பத்தில் நிற்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஃபோனை நீட்டினாள்.

"படி. நான் சரியாத்தான் படிச்சேனான்னு பாரு."

'குட்டிக்கு' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு விரல் நீளக் காலுறையின் படம். உள்ளே நாலைந்து தாலாட்டுகள். கடைசியில், வெள்ளைத் துண்டுகள் அடுக்கிய அதே படம்.

"பொறந்துடுச்சாக்கா?"

"இல்லடி. பொறந்திருந்தா உக்காந்து பாட்டு தேட ஏது நேரம்? இன்னும் வயித்துல இருக்கு. இப்பவே சேத்து வைக்கிறான்." அந்தத் துண்டுப் படத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். தடவியதில் அது ஓடத் தொடங்கிவிட்டது. கையில் மெஷின் சத்தம். கீழேயிருந்து ஏறி வருவதும் அதே சத்தம். "இதுல தூங்கினது அவனுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதுடி. சாப்பாடு ஊட்டறப்ப நான் சொன்ன கதை. மறக்கல பாரு."

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எங்கள் எல்லோருக்கும் அந்தப் பட்டியல் சொந்தமாகிவிட்டது. காலையில் அக்கா இறங்கி வரும்போதே, இன்றைக்கு எத்தனை பாட்டு சேர்ந்தது என்று பஞ்சு அண்ணன் கேட்பார். கடிகாரம்கூட ஒரு நாள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே விசாரித்தார். "என்ன, பேரப்பிள்ளை வந்தாச்சா?"

"இன்னும் நாள் இருக்கு சார்."

"ம். லேட் பண்ணாம வரச் சொல்லுங்க," என்றார். அது அவருடைய வாழ்த்து.

அக்காவுக்கு ஒரே ஒரு குறை. "எல்லாத் தாலாட்டும் இருக்கு. அந்தப் பாட்டு மட்டும் இல்ல." ஆற்றங்கரைப் பாட்டைத்தான் சொன்னாள். ஒரு காலை அதைத் தேடி எடுத்து, கூட்டல் குறியை அழுத்தி, 'குட்டிக்கு' பட்டியலின் கடைசியில் சேர்த்துவிட்டாள். தன் ஃபோனில் இறக்கி வைத்தது தன்னுடையது என்றுதான் அவள் நினைத்தாள். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்திருந்தோம். கடையில் வாங்கி வந்த துணியில் நாம் ஒரு பொத்தானைத் தைத்துக்கொண்டால் கடைக்காரருக்கு என்ன தெரியப்போகிறது?

உருளைக்குப் பக்கத்தில் அதை என்னிடம் காட்டினாள். ஒவ்வொரு பாட்டின் கீழேயும், அதைச் சேர்த்தவரின் சின்ன வட்டப் படம் இருந்தது. எல்லாவற்றிலும் அவன். கடைசிப் பாட்டில் மட்டும் அக்காவின் முகம்.

"அக்கா, இதுல உங்க படம் வந்திருக்கு."

"அதுக்கென்ன, என் ஃபோன்தானே?"

"அவர் படமும் இருக்கேக்கா. ரெண்டும் ஒரே பட்டியல்தான் போல. குடும்பத்துல இருக்கிறவங்க யார் வேணா சேர்க்கலாம்னு தொறந்து வச்சிருக்காரு. அவர் ஃபோன்லயும் உங்க முகம் தெரியும்."

அக்காவின் கை விரிப்பிலேயே நின்றுவிட்டது. பிறகு மேலே ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். திருப்பத்துக்குப் போய் அதை நீக்கப் போனவள், விரலை எடுத்துக்கொண்டாள். "இப்ப எடுத்தா, எடுத்ததும் தெரியும்ல? திருடி மாதிரி இருக்கும். இருக்கட்டும். என்ன செய்யறானோ செய்யட்டும்."

மறுநாள் காலை அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. பாட்டு அங்கேயே இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. "பாத்திருக்க மாட்டான்," என்றாள். அந்த வாரக் கடைசியில் அதற்குக் கீழே அவன் ஒரு புதுத் தாலாட்டைச் சேர்த்திருந்தான். அவள் பாட்டைத் தொடவில்லை.

"பாத்துட்டுத்தாண்டி விட்டிருக்கான்," என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். அன்றைக்கு எங்களுக்கு வந்த பட்டியல் முழுவதும் ஆட்டப் பாட்டு. பஞ்சு அண்ணன் இரண்டு தலையணை உறைகளை வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டத்தில் டிரையர் அணைந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட ஓடவில்லை.

ஒரு காலை நான் இறங்கும்போது, அக்கா ஃபோனை அணைத்து அணைத்துத் திறந்துகொண்டிருந்தாள். "காணோம்," என்றாள். "பச்சை ஆச்சு, நீயும் பாத்தல்ல? இறக்கி வச்சது எப்படிக் காணாமப் போகும்?"

வைத்தவர் அழித்தால் இறக்கி வைத்ததும் போய்விடும் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. 'குட்டிக்கு' போய்விட்டது. அவள் சேர்த்த பாட்டும் போய்விட்டது.

"நான் பண்ணின வேலைதான்," என்றாள். "என் கை சும்மா இருந்திருக்கலாம். முதல்ல பெருசா நினைக்காம விட்டிருப்பான். அப்புறம் யோசிச்சிருப்பான். எந்த முகத்தோட இவ உள்ள வராள்னு தோணியிருக்கும். தோணாதா பின்ன?"

"சின்னப் பசங்க கோவம், ரெண்டு நாள்ல சரியாயிடும்," என்றார் பஞ்சு அண்ணன். அவர் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

அதற்குப் பிறகு அக்கா திருப்பத்தில் நிற்பதை விட்டுவிட்டாள். நேராகக் கீழே வந்துவிடுவாள். எங்களுக்கும் பாட்டு இல்லை. பாட்டுப் போடச் சொல்லி அவளிடம் யாரும் கேட்கவில்லை. அந்தக் கூடத்தில் மெஷின்கள் அவ்வளவு சத்தமாக ஓடுகின்றன என்பதை நான் அந்த நாட்களில்தான் கவனித்தேன்.

ஒரு மத்தியானம், சுவரோரம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தபோது, அவள் ஃபோன் என் பக்கத்தில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். வேண்டாமென்று அவள் சொல்லவில்லை. காலையில் முற்றத்தில் சிக்னல் இருக்கும்போதே அவள் திறந்துவிட்டு வந்த பக்கம் அப்படியே இருந்தது. இரண்டு வட்டங்களும் இருந்தன. ஓடும்போது, சமைக்கும்போது, இரண்டு பேருக்கு, யாரோடும் பேசாதபோது. எதுவும் போகவில்லை. எதிலும் புதிதாக ஒரு பாட்டும் ஏறவில்லை. நடுவிலிருந்து அந்த ஒன்றை மட்டும் எடுத்திருந்தார்கள்.

அந்த இடைவெளியை எனக்குத் தெரியும். முதல் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறும் கையோடு நான் வீட்டுக்குத் திரும்பியபோது, அலமாரியின் நடுத்தட்டு காலியாக இருந்தது. குட்டிச் சட்டைகளையும் துணிகளையும் நான் வருவதற்குள் மாமியார் எடுத்து எங்கோ வைத்துவிட்டார். மேல்தட்டும் கீழ்த்தட்டும் போட்டது போட்டபடி இருந்தன. எடுத்தவர் கோபத்தில் எடுக்கவில்லை. நான் பார்க்கக் கூடாதென்று எடுத்தார்.

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான் நினைப்பது தவறாக இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. சொல்லாமல் விட்டால், தன்னால்தான் போயிற்று என்று அவள் இங்கே குமைந்துகொண்டே இருப்பாள். அவன் அங்கே தனியாக இருப்பான். உருளைக்குப் போய் நின்றதும், விரிப்பை உதறிக்கொண்டே சொல்லிவிட்டேன். நடுவில் துணி இருந்ததால் அவள் முகம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அக்கா, கோவம்னா எல்லாத்தையும்தானே எடுத்திருப்பாரு?"

அவள் தன் முனையை இன்னொரு முறை உதறினாள்.

"உங்களையே எடுத்திருக்கலாம்ல? நீங்க அங்கேயேதான் இருக்கீங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. குட்டிக்குன்னு வச்சதை மட்டும் எதுக்குக்கா எடுக்கணும்?"

என் முனை உருளைக்குள் போனது. அவள் முனை போகவில்லை. விரிப்பு முறுக்கிக்கொண்டு, துணி பொசுங்கும் வாசனை வந்தது. நான் ஓடிப் போய் உருளையை நிறுத்தித் திரும்பியபோது, அவள் ஈரக் கைகளைத் தன் வயிற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். "அய்யோ," என்றாள். அவ்வளவு மெதுவாக ஒருவர் அய்யோ சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

நான் படிக்கட்டின் கீழே நின்றுகொண்டேன். மெஷின் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதால், அக்கா எப்போதும் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். ஓய்ந்தது. மறுபடி போட்டாள். இந்த முறை யாரோ எடுத்தார்கள். ஆனால் பேசவில்லை.

"நான்தாம்பா," என்றாள்.

அவன் குரல் வந்தது. "தெரியுது."

"குட்டி…"

மூச்சு இழுபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "ஏழாம் மாசம்மா. பொண்ணு. அழவே இல்ல."

"அவ எப்படி இருக்கா? பக்கத்துல யார் இருக்கா?"

"நான்தான். சுவத்தைப் பாத்து படுத்திருக்கா. பேச மாட்டேங்கறா."

"பேசச் சொல்லாத. தொந்தரவு பண்ணாத. தண்ணி மட்டும் குடு."

"ம். உன்கிட்ட சொல்லலம்மா. நீ அந்தப் பாட்டைச் சேர்த்தியே, அன்னிக்கே கூப்பிடணும்னு இருந்துச்சு. கையில ஃபோனை எடுத்துட்டேன். பொறந்ததும் ஒரேயடியா சொல்லிக்கலாம்னு வச்சுட்டேன்."

"நானும்தானே உன்கிட்ட சொல்லாம இருந்தேன்," என்றாள் அக்கா.

கீழே அந்த நேரத்துத் துணி முடிந்து, மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. கடைசியாக ஓடியதும் நின்றது.

"சத்தமே இல்லையே. வேலைக்குப் போகலையா?"

"வேலைலதான் இருக்கேன். படியில நிக்கறேன்."

"மெஷின் ஓடலையா?"

"துணி தீந்துடுச்சு. அடுத்தது வரணும்."

"கீழ இறங்கிடாதம்மா," என்றான் அவசரமாக. "சிக்னல் போயிடும்."

"இல்லப்பா. இங்கயேதான் நிக்கறேன்."

பஞ்சு அண்ணன் எப்போது என் பின்னால் வந்து நின்றார் என்று தெரியாது. திரும்பிப் போய், படிக்கட்டுக்குப் பக்கத்திலிருந்த பெரிய மெஷினின் கதவைச் சாத்தி, உள்ளே ஒரு துணியும் இல்லாமல் ஓட விட்டார். படிக்கட்டின் கீழ்க்கதவை நான் தள்ளுவண்டியை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்தேன்.

சத்தம் கேட்டுக் கடிகாரம் வந்தார். "எந்த மெஷின் வெறும்னே ஓடுது?"

"ரிப்பேர் பாக்கறேன் சார்," என்றார் பஞ்சு அண்ணன், மெஷினைப் பார்த்தபடியே.

கடிகாரம் திறந்திருந்த கதவைப் பார்த்தார். படியின் திருப்பத்தில், சுவரில் நெற்றியை வைத்து நிற்பவளைப் பார்த்தார். மணிக்கட்டை உயர்த்தப் போனவர், சட்டைக் கையை இழுத்து அதன்மேல் விட்டுக்கொண்டார். பிறகு உருளையிடம் போய், அக்காவின் இடத்தில் நின்று, விரிப்பின் மறுமுனையை எடுத்தார். நான் என் முனைக்குப் போய் உருளையை மறுபடி ஓட விட்டேன். அவருக்குப் பழக்கமில்லை. துணி கோணலாகத்தான் போனது. நான் அடுத்த விரிப்பை எடுத்தேன்.

மேலே அக்கா பாடவில்லை. ஃபோனைக் கீழ்ப்பக்கம் நீட்டிப் பிடித்திருந்தாள். வெறும் மெஷினின் சத்தம் மட்டும் படியேறி அவளிடம் போய்க்கொண்டிருந்தது.